நாலு விட்டங்கள்

என் நிலத்தில் கொட்டகை கட்ட எவனிடம் கேட்க வேண்டும் என்ற திமிரில் நான் அனுமதி வாங்கவில்லை. கூரை போட்ட சில வாரங்களிலேயே சுவர்கள் வெளியே சாயத் தொடங்கின. பஞ்சாயத்துக் கட்டட அதிகாரி வந்தார். ஒரு மாதத்தில் கூரையைச் சரிசெய்யாவிட்டால் இடிக்க வேண்டும் என்றார்.

"குறுக்கு விட்டமே வைக்காம கூரை போட்டது யாரு? லைசென்ஸை ரத்து பண்ணணும்."

"என் மச்சினன்தான் சார்" என்றேன், வாய் கூசாமல்.

என் மனைவியின் தம்பி நல்ல தச்சன். மனைவி ஊரில் இல்லாத வாரத்தில், சுவர்கள் விலகாமல் பிடிக்க, சுவருக்குச் சுவர் நாலு விட்டம் வைத்துத்தான் போனான். வைக்கோல் வண்டி நுழையவில்லை என்று, அவள் திரும்பும் முன்பே அவற்றை அறுத்தவன் நான். வீணாக்க மனமில்லாமல் அந்த மரத்திலேயே முற்றத்துக்கு ஒரு பெஞ்சும் செய்தேன்.

அவன் வந்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள். "அக்கா வீடுன்னா அரைகுறையாத்தான் செய்வியா?"

சுவர் உச்சியில் இருந்த போல்ட் துளைகளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "சரி பண்ணிடறேன்க்கா."

பத்து நாள் கூரைக்கு முட்டுக் கொடுத்து, சங்கிலி போட்டுச் சுவர்களை உள்ளே இழுத்தான். புது விட்டங்களைச் சாய்வுக் கட்டைகளோடு சற்று உயரத்தில் பொருத்தினான். வண்டி தாராளமாக நுழைந்தது. முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் செய்து தந்திருப்பான். எனக்கு அவமானமாக இருந்தது.

அதிகாரி திரும்ப வந்து, அந்த பெஞ்சில் உட்கார்ந்து தாளை விரித்து, மச்சினனிடம் திரும்பினார். "கூரை ஓகே. முதல்ல விட்டம் வைக்காம விட்டது நீங்கதானே?"

மச்சினன் அக்காவைப் பார்த்தான். "ஆமா சார். என் தப்புதான்."

அவர் பேனாவை எடுத்தார். அவன் பிழைப்பே போய்விடும்.

"சார், கொஞ்சம் எழுந்திரிங்க."

பெஞ்சைக் கவிழ்த்தேன். அடியில் பென்சிலில் வட்டமிட்ட எண்கள், ஒன்று முதல் நாலு வரை. மச்சினன் எந்த மரத்தையும் எண் போடாமல் மேலே ஏற்ற மாட்டான்.

"அவன் வச்சதை அறுத்தது நான் சார்."

மனைவி குனிந்து எண்களைத் தடவினாள். "தம்பி எழுத்து" என்றாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் தலை நிமிரவே இல்லை. தம்பியைப் பார்க்க அவளுக்கும் முகமில்லாமல் செய்துவிட்டேன்.