தவிட்டுக்கு வாங்கிய பேர்

களத்தில் காயப்போட்டிருந்த காப்பிக் கொட்டையைக் காலால் அளைந்துகொண்டிருந்த குப்பாயி, வேலிக்கு வெளியே யாரோ தன் பேரைச் சொல்லிக் கேட்பது காதில் விழவும் நின்றாள். கொட்டச்சேடு ஊருக்குள் அந்தப் பேரை இத்தனை மரியாதையாக யாரும் உச்சரித்ததில்லை.

"ஏனுங்க, குப்பாயியம்மா ஊடு இதுதானுங்களா?"

"நாந்தானுங்க. என்ன வேணுங்க?"

வந்தவர் வெள்ளைச் சட்டை போட்ட கீழ்நாட்டு ஆள். மேடேறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை. சாயம் போன அவள் சேலையையும், காப்பித் தோல் ஒட்டிய பாதங்களையும் பார்த்தார். கும்பிட எழுந்த கை பாதியில் இறங்கியது.

"உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியுங்களா?"

குப்பாயிக்குச் சிரிப்பு வந்தது. "என்ற பேரையே எழுதத் தெரியாதுங்க."

அவர் சிரிக்கவில்லை. களத்து ஓரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். பேர் கந்தசாமி, சேலத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருந்ததாகச் சொன்னார். 'வைத்திருந்தேன்' என்று அவர் சொன்னதை அவள் கவனித்தாள்.

"பங்கு யாவாரம் பண்றவங்க கம்ப்யூட்டர்ல பேசிக்கற எடம் ஒண்ணு இருக்குதுங்க. மொகம் தெரியாது. ஆளாளுக்கு ஒரு பேரு வெச்சுக்கிட்டு எழுதுவாங்க. அதுல குப்பாயின்னு ஒருத்தரு. ஏற்காட்டு மலையில காப்பிக் கொட்ட காயவெக்கற பொம்பள, பொய் சொல்லத் தெரியாதுன்னு எழுதுவாங்க. எந்தப் பங்க வாங்கச் சொன்னாலும் வெல ஏறுச்சு. கடைசியா ஒண்ணு சொன்னாங்க. பட்டறைய வித்து அதுல போட்டனுங்க. சொன்ன ஆளு தன்னோடத மொதல்லயே வித்துட்டு ஒதுங்கிட்டாங்க. வெல விழுந்துச்சு, நாங்களும் விழுந்துட்டோம்."

"குப்பாயிங்கற பேரு ஊருக்குப் பத்து இருக்குமுங்க."

"இருக்கும். ஆனா இந்தக் குப்பாயிக்கு முன்னால பொறந்த மூணும் செத்துப்போச்சாம். இதாவது தங்கட்டும்னு குப்பமேட்டுல போட்டு, பக்கத்து ஊட்டுக்காரி எடுத்து, பெத்தவ படி தவிடு குடுத்துத் திருப்பி வாங்குனாளாம். எமனே வேண்டாம்னு விட்ட பேரு, இந்தப் பேருகிட்ட நட்டம் வராதுன்னு எழுதியிருந்துதுங்க. ஒண்டிக்கடை முக்குல எறங்கிக் கேட்டேன். இங்க கைகாட்டுனாங்க."

அது குப்பாயியின் கதையேதான். தவிட்டுக் கதையை அம்மா அத்தாயி ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பலிக்காது என்று பயம். தவிடு வாங்கிய கிழவியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அம்மா சாகக் கிடந்தபோது சொன்னதைக் கேட்டவர்கள் இரண்டு பேர்தான். அதில் ஒருத்தி இங்கே நிற்கிறாள். இன்னொருவன் உள்ளே கோழிக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.

தம்பி குழந்தைவேல் சேலத்தில் பங்கு வாங்கி விற்கிறவன். தீபாவளிக்குக்கூட எட்டிப் பார்க்காதவன் நேற்றுச் சாயங்காலம் சொல்லாமல் வந்து இறங்கினான். "ஒன்னயப் பாக்கோணும்னு இருந்துச்சுக்கா. ரெண்டு நாளு இருந்துட்டுப் போறேன்" என்றான். அந்த ஒரு சொல்லுக்கு அவள் முட்டையிடும் கோழியை அறுத்திருந்தாள். இப்போது உள்ளே சோறு பிசையும் சத்தம் நின்றிருந்தது.

"யாருங்கம்மா அது? அடிக்க வரலீங்க. போன பட்டறை போனதுதான். ஆனா அந்தப் பேர நம்பிக்கிட்டு இன்னும் எத்தனையோ பேரு இருக்காங்க. ஆளு இன்னாருன்னு தெரிஞ்சா அவங்களுக்காவது சொல்லலாம்."

சொன்னால் தம்பியால் சேலத்தில் தலைகாட்ட முடியாது. சொல்லாவிட்டால் முகம் தெரியாத ஊர்க்காரர்கள் எல்லாம் தன்னைச் சபிப்பார்கள். அவள் வாய் முதலில் தம்பி பக்கம்தான் போனது.

"தெரியாதுங்க."

கந்தசாமி தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது, "மலையேறுற வழியெல்லாம் உங்களத்தானுங்க திட்டிக்கிட்டே வந்தேன். மனசுல வெச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

உள்ளே போனாள். குழந்தைவேல் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கதவு மறைவில் உட்கார்ந்திருந்தான்.

"போயிட்டானாக்கா?"

"என்ற பேர எதுக்கு சாமி எடுத்தே?"

"அது சும்மாக்கா. ஒருத்தன் புலின்னு வெச்சுக்குவான், ஒருத்தன் ராசான்னு வெச்சுக்குவான். பொம்பளைன்னா நம்புவாங்க, மலைக்காரின்னா நொம்ப நம்புவாங்க." ஓர் எலும்பை எடுத்து உறிஞ்சினான். "ஒனக்கென்ன கொறஞ்சு போச்சு? ஒன்னய யாருக்குத் தெரியும்?"

பள்ளிக்கூடமே போகவிடாமல் அவளை நிறுத்தியது இவனைத் தூக்கி வைத்துக்கொள்ளத்தான். இடுப்பில் இவனோடு காப்பி பறித்த நாட்களில்கூட அவளை யாருக்கும் தெரியாதுதான்.

"இனி அந்தப் பேரு வேண்டாம்க்கா. கெட்டுப்போச்சு. போன வாரமே மாத்திட்டேன்."

"என்னன்னு?"

"அத்தாயின்னு. அம்மா பேரு. ஒரு வாரத்துலயே எத்தன பேரு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க தெரியுமா? கொழம்பு இன்னுங் கொஞ்சம் ஊத்துக்கா."

அவள் குழம்புச் சட்டியை எடுத்தாள். ஒரு கணம் கையில் வைத்திருந்தாள். பிறகு அதைத் தரையில் வைத்துவிட்டு, வெளியே வந்து, கொட்டைகள் மேலேயே மிதித்துக்கொண்டு களத்தின் விளிம்புக்குப் போனாள்.

கீழே சில்வர் ஓக் மரத்தடியில் வெள்ளைச் சட்டை தெரிந்தது. பஸ் வரவில்லை. எதிர்ச் சரிவில் இருக்கும் ஆளைக் கூப்பிட மலையில் எல்லோரும் செய்வதுபோல் இரண்டு கையையும் வாயருகே குவித்தாள். அவன் பிறந்ததிலிருந்து தம்பியைச் சாமி என்றுதான் கூப்பிடுவாள், பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நாக்குக்கு அது புதிதாக இருந்தது.

"ஏனுங்கோ! எழுதுனவன் என்ற தம்பிங்கோ! குழந்தைவேலுங்கோ!"

பின்னால் தட்டு உருண்டது. "அக்கா, அக்கா" என்று அடித்தொண்டையில் ஒரு குரல் வாசல்வரை வந்து, வெளிச்சத்துக்கு வராமல் நின்றது. பேர் சரிவில் இறங்கிப் போய், எதிர் மலையில் முட்டி, பாதியாகத் திரும்பி வந்தது. மேல் வளைவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. மரத்தடியில் நின்றவர் கையை நெற்றியில் வைத்து அண்ணாந்து பார்த்தார். பிறகு பஸ் வரும் திசையைப் பார்த்தார். மறுபடியும் மேலே பார்த்தார். குப்பாயி இன்னொரு முறை கூப்பிட மூச்சை இழுத்தாள்.