அட்டையில் ஒரு கிளிப்

1

இந்தக் கதை என் அவசரத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு கண்டுபிடித்துத் திட்டாதீர்கள். போன வருடம் இறந்த என் தம்பியின் கார், 1961ஆம் வருடத்து மோரிஸ் மைனர். இரண்டாம் கியர் போட்டால் நழுவி வந்துவிடும். அவன் மகள் அனுஜாவுக்கு ஞாயிறு காலை கல்யாணம். "அப்பாட கார்லதான் கோயிலுக்குப் போகணும் பெரியப்பா" என்றாள். அந்தப் பிள்ளை கேட்டது அது ஒன்றுதான்.

2

முதல் வரியோடு மூன்று நாள் மல்லுக்கட்டினேன்.

ஜெலுத்தோங் பட்டறையில், காருக்கு அடியிலிருந்து ஒரு நிலா முகம்... (அடித்துவிட்டேன். முகத்தில் கிரீஸ்தான் இருந்தது.)

ஹாஃபிஸ் ஸ்பேனரை எடுத்தான்... (இதுவும் போச்சு. பெண் மெக்கானிக் என்றால் நம்பமாட்டீர்களோ என்று பயந்து ஆண் பெயர் வைத்தேன். வெட்கக்கேடு.)

அவள் பெயர் ருக்கையா. பட்டறையே அவளுடையதுதான்.

3

அவள் வேலையைப் பார்க்கக் கொடுத்துவைக்க வேண்டும். அட்டையில் கியர் பாக்ஸைப் படமாக வரைந்து, கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் அது இருந்த இடத்திலேயே குத்திவைப்பாள். கிளட்ச் தட்டை நடுவில் நிறுத்த ஒரு மாப் கட்டையைச் சீவி, டேப் சுற்றி வைத்திருக்கிறாள். பழுது பார்த்த கியர் பாக்ஸைச் சனி மதியம், தூங்கும் பிள்ளையைத் தொட்டிலில் போடுவதுபோல இடம் சேர்த்தாள். நான் வாயைப் பிளந்து நின்றேன்.

கார் ஓடியது. இரண்டாம் கியர் நழுவவில்லை. (கதையை இங்கேயே முடித்துப் பார்த்தேன். பொய்யாக இருந்தது.)

4

அட்டையில் ஒரு சின்னக் கிளிப் மிச்சம். கிளட்ச் பேரிங்கைப் பிடித்திருக்க வேண்டிய இரண்டில் ஒன்று.

"அண்ணே, இது உள்ள போயிருக்கணும். என் தப்பு."

"கார் ஓடுதுதானே?"

"ஓடும்லா. எங்க நிக்கும்னுதான் தெரியாது."

"திங்கக்கிழமை பார்த்துக்கலாம், ருக்கையா." (முதல் பிரதியில் "கழற்று" என்று நான் சொன்னதாக எழுதியிருந்தேன். நம்பிவிடாதீர்கள்.)

"கல்யாணப் பொண்ண வச்சிக்கிட்டு நடு ரோட்டுல, ஜாலான்ல நின்னா? விட மாட்டேன்ணே. மறுபடி இறக்குறேன். காலைக்குள்ள முடியும்னு சத்தியம் பண்ண முடியாது."

அட்டையை அவள் ஒளித்திருந்தால் எனக்கு ஆயுளுக்கும் தெரிந்திருக்காது. அவளே காட்டினாள். அதைவிட, தே தாரிக் டீ வாங்கி வந்து நான் வளவளவென்று பேச்சுக் கொடுத்த நேரத்தில்தான் அந்தக் கிளிப் விடுபட்டிருக்க வேண்டும். அதை அவள் வாய் திறந்து சொல்லவேயில்லை. எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. கோபம் போனதும் கும்பிடத் தோன்றியது.

5

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் விடியும்போது கார் தயார். இன்னொன்றில் அனுஜா வாடகைக் காரில் அழுதுகொண்டே போகிறாள். மூன்றாவதில் நான் சாவியைப் பிடுங்கிக்கொண்டு...

மூன்றையும் கிழித்துவிட்டேன்.

கியர் பாக்ஸை மறுபடி இறக்க ருக்கையா முன்சீட்டைத் தூக்கிவிட்டாள். அட்டைக்கு முதல் போல்ட் வந்துவிட்டது. அனுஜாவுக்குச் சொல்லியாக வேண்டும், எனக்கு நாக்கு எழவில்லை. இந்தாருங்கள் போன், கதை படிக்கிற நீங்களே பேசுங்கள். அனுஜா எடுத்துவிட்டாள்.

"பெரியப்பா, கார் ரெடியா?"