நொச்சிக்கு முடிவெட்டியவர்

முடிவெட்டுகிறவருக்குக் கை சும்மா இருக்காது. கடையில் ஆள் இல்லாவிட்டால் வெறுங்காற்றையாவது கத்தரித்துக்கொண்டிருப்பார். அப்படிப்பட்டவர் கண்ணில், வீட்டு ஜன்னலோரம் தானாக முளைத்த நொச்சிச் செடி பட்டால் விடுவாரா?

கடைக்குப் பின்னால்தான் வீடு. உள்ளே அவர் மனைவி படுத்த படுக்கையாக இருந்தாள். இரண்டு தடவை கரு கலைந்துவிட்டது. இதுவாவது தங்க வேண்டுமென்றால் பிரசவம் வரை நடமாடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இனி அவளுக்கு உலகம் அந்த ஜன்னல்தான். நொச்சி இந்த மண்ணின் செடி, பூத்தால் தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் தேடி வரும், அதைப் பார்த்தே பொழுதைத் தள்ளிவிடுவேன் என்றாள். வாய்விட்டுக் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

மனுஷன் உருகிப்போனார். அவள் பார்ப்பதற்குச் செடி லட்சணமாக இருக்கட்டும் என்று, விடியும்போதே சத்தமில்லாமல் வெளியே போய், முந்தைய நாள் துருத்திக்கொண்டு வந்த நுனிகளையெல்லாம் நறுக்கிவிடுவார். அடுத்து அதற்கு ஷேவிங்கும் உண்டா என்று பக்கத்து மளிகைக்கடைக்காரர் கேட்டுவிட்டுப் போனார்.

நாட்கள் மிதந்து போயின. வெயில் உள்சுவரில் ஏறி இறங்கும். அவள் பாதித் தூக்கத்தில் கிடப்பாள். வயிற்றுக்குள் குழந்தை மெல்லப் புரளும். எல்லாம் நடந்தது, செடிதான் பூக்கவில்லை. அவரும் எருவைக் கொட்டிப் பார்த்தார், தண்ணீரை ஊற்றிப் பார்த்தார். ஜன்னல் பக்கம் ஒரு ஈகூட எட்டிப் பார்க்கவில்லை. நாளுக்கு நாள் அவள் முகம் வாடியது. இந்தத் தடவையும் ஏதாவது ஆகிவிடுமோ என்று அவர் பயந்தார்.

ஒரு காலை, நறுக்கியதைக் கூட்டி அள்ளும்போது முறத்திலேயே ஒரு தேனீ வந்து உட்கார்ந்தது. ஒவ்வொரு நுனியாகத் தடவித் தடவி எதையோ தேடியது. அவர் குனிந்து பார்த்தார். நுனியெல்லாம் கடுகு கடுகாக ஊதா மொட்டு. அடப்பாவி மனுஷா! நொச்சி நுனியில்தான் பூக்கும். இத்தனை நாளும் இலையென்று நினைத்து அவள் பூவையல்லவா கத்தரித்திருக்கிறார்!

முறத்தோடு போய்க் கட்டிலருகே நின்றார்.

"நான்தாம்மா பூக்க விடல."

"தெரியும்," என்றாள். "தினம் கத்தரிச் சத்தம் கேக்குமே."

தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"விடிஞ்சா கடைக்குப் போயிடறீங்க. ஜன்னலோரம் கத்தரிக்கிற அந்தக் கொஞ்ச நேரந்தான் நீங்க என் பக்கத்துல இருந்தீங்க. சொன்னா அதுவும் நின்னு போயிடுமேன்னு..."

அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் அவர் அந்தச் செடியைத் தொடவே இல்லை. அது கன்னாபின்னாவென்று வளர்ந்து ஜன்னலையே அடைத்தது. இந்தத் தெருவில் உன் கத்தரிக்குத் தப்பிய தலை இது ஒன்றுதான் என்று வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். பிறகு ஒரு நாள் நுனிதோறும் ஊதாப் பூ நுரைத்து நின்றது. தேனீக்கள் வந்தன. நகத்தளவு நீல வண்ணத்துப்பூச்சிகள் ஜன்னல் கம்பியில் உட்கார்ந்து இளைப்பாறின. பாதித் தூக்கத்தில் கிடந்தவள், இப்போது வந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக வயிற்றுக் குழந்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

விடியற்காலையில் அவர் இப்போதும் வருகிறார், ஆனால் வெளியே போவதில்லை. கட்டிலருகே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, கத்தரியால் வெறுங்காற்றை மெதுவாக நறுக்குகிறார். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.