ஆயிரம் அடி ஆழத்தில் ஒரு கருப்புப் புள்ளி

பொம்மிடி ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் தீர்த்தகிரியின் மாவு மில் இருந்தது. 1987இல் அதன் மாடியில் அவருடைய அக்கா மகன் குப்புராஜ் கம்ப்யூட்டர் மையம் திறந்தான். பெயர்ப்பலகை மாடியின் அகலத்துக்குள் அடங்காமல் படிக்கட்டுப் பக்கம் திரும்பி முடிந்தது. உள்ளே இருந்ததோ ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறலாம். அதற்கு ஒரு கலர் டிவி, ஒரு டேப் ரிக்கார்டர், ஒரு ஸ்டெபிலைசர் என்று பரிவாரம்.

குப்புராஜ் பெங்களூரில் மூன்று மாதம் பயிற்சி பெற்றவன். "முப்பத்திரண்டு கே மெமரி" என்பான். கே என்றால் என்ன என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் தெரியாதவராகிவிட வேண்டும். கோயிலில் செருப்பைத்தான் கழற்றச் சொல்வார்கள். அவனுடைய மையத்தில் காலையும் கழுவ வேண்டும்.

அவனுக்கு நல்லம்பள்ளியில் பெண் அமைந்திருந்தது. ஜாதகம் பொருந்திவிட்டது. பெண்ணைப் பார்த்த நாளிலிருந்து அவன் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு திரிந்தான். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதுதான் பாக்கி. வந்தவர்கள் கை நனைத்தால் சம்மதம். தண்ணீர்கூடத் தொடாமல் எழுந்தால் சம்பந்தம் இல்லை. இதற்கு முன் வந்த இரண்டு வீட்டாரும் தொடாமல்தான் எழுந்தார்கள்.

இந்த முறை ஒரு படத்தைக் காட்டிச் சாய்த்துவிடுவது என்று முடிவெடுத்தான். பெங்களூர்ப் பத்திரிகையில் வந்த புரோகிராம் அது. ஒரு சின்னக் கணக்கு. அதன் விடையைத் திரும்பவும் அதே கணக்குக்குள் போட வேண்டும், மறுபடி, மறுபடி. விடை எகிறி ஓடிவிட்டால், ஓடிய வேகத்தைப் பொறுத்து அந்தப் புள்ளிக்கு ஒரு நிறம். எத்தனை தடவை போட்டாலும் ஓடாமல் கிடந்தால் கருப்பு. இப்படித் திரை நிரம்பினால் ஓரத்துக்குள் ஓரம், சுருளுக்குள் சுருள் என்று முடிவே இல்லாத கோலம் வரும்.

எத்தனை தடவை போட்டுப் பார்ப்பது என்பது நம் இஷ்டம். ஐம்பது போதும் என்றிருந்தது பத்திரிகை.

"அம்பதெல்லாம் மொய் எழுதுற தொகைம்மா. பொண்ணு வூட்டுக்காரங்க முன்னாடி அம்பதா?" என்று தாய் ராணியம்மாளிடம் சொல்லிவிட்டு ஆயிரம் என்று தட்டினான். புள்ளியையும் இருப்பதிலேயே பொடிசாக வைத்தான்.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் காலையிலேயே கம்ப்யூட்டர் வேலையைத் தொடங்கியது; மில் நின்றது. கரண்டு மூன்று பேஸில் இரண்டு மட்டும் வரும் நேரத்தில் தீர்த்தகிரி கண்டன்சர் போட்டு மோட்டாரை எழுப்புவார். அது எழும்போது வோல்டேஜ் இறங்கி, தெருவில் உள்ள பல்பெல்லாம் மிளகாய்ப் பழமாகச் சிவக்கும். அந்தச் சிவப்பில் கம்ப்யூட்டரும் அணைந்துவிடும்; அதைத் தாங்கும் அளவுக்குப் பெங்களூர்ப் பயிற்சி இல்லை.

கீழே கேழ்வரகு மூட்டையோடு வந்த செல்லி கேட்டாள்: "என்னாண்ணா, மில்லு ஓடாதா?"

"மேல படம் ஓடுது," என்றார் தீர்த்தகிரி.

"அப்ப டிக்கெட்டு குடு, உள்ள வந்து குந்திக்கிறன். வூட்டுல களிக்கு மாவு இல்ல."

படத்தின் மேல் வரிகள் சரசரவென்று இறங்கின. நடுப்பகுதி வந்ததும் நத்தையாகிவிட்டது. ஓடாமல் கிடக்கும் ஒவ்வொரு புள்ளியையும் ஆயிரம் தடவை விசாரித்துவிட்டுத்தான் கருப்பு என்று எழுத வேண்டும். ஒன்றுமில்லை என்று சொல்வதற்குத்தான் இயந்திரத்துக்கு உழைப்பு அதிகம். விசாரணைக் கமிஷன்களுக்கு இது புதிதல்ல.

மறுநாள் பெண்ணின் அப்பா மாது வந்தார். ஆழ்துளைக் கிணறு போடும் லாரிக்குச் சொந்தக்காரர். வயிறு முன்னால் வர, அவர் பின்னால் வந்தார். கூடவே அவருடைய அக்கா குள்ளம்மாள். அந்த வீட்டில் முடிவு சொல்பவர் குள்ளம்மாள்தான் என்பது மாதுவைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

கால் கழுவி உள்ளே வந்து திரையைப் பார்த்தார்கள். மேலே கொஞ்சம் மஞ்சள், சிவப்பு. கீழே இருட்டு.

"கரண்டு இல்லீங்களா?" என்றார் குள்ளம்மாள்.

"இருக்குதுங்க. இப்பத்தான் மும்முரமா வேலை செய்யுது."

"ஒண்ணும் தெரியலியே தம்பி."

"தெரியாத எடத்துலதான் வேலை ஜாஸ்திங்க."

"எங்க மாதுவும் இதையேதான் சொல்லுவான்."

குப்புராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு, பத்திரிகை சொன்ன ஐம்பதிலிருந்து முடிவிலி வரைக்கும் விளக்கினான். மாது கையைத் தூக்கி நிறுத்தினார்.

"இருங்க. புள்ளிக்குப் புள்ளி போர் போட்டுப் பாக்குது. தண்ணி பீறிட்டா கலரு. வரலன்னா காஞ்ச போரு, கருப்பு. அப்படித்தான?"

"ஏறக்கொறைய அப்படித்தாங்க."

"எத்தன அடி?"

"ஆயிரங்க."

"நானே முந்நூறு தாண்டுனதில்ல!" மாது திரைக்கு இன்னும் கிட்டப் போனார். "ஒவ்வொரு புள்ளிக்கும் ஆயிரம் அடியா!"

அடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு இதைவிட உயர்ந்த கலை உலகத்தில் இருக்க முடியாது.

"அம்பது அடியில தெரியாதது ஆயிரத்துல தெரியப்போவுதா?" என்ற குள்ளம்மாள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். "அது கெடக்கட்டும். மில்லுல மாப்பிள்ளைக்குப் பங்கு இருக்குதுன்னு தரகரு சொன்னாரு. சத்தத்தையே காணோம். மூடிட்டாங்களா?"

"நேத்துலேர்ந்து மூடித்தான்கா கெடக்குது!" என்று கீழிருந்து செல்லி உதவினாள்.

படிக்கட்டில் நின்றிருந்த தீர்த்தகிரிக்கு மீசை துடித்தது. "யாரு மில்ல மூடுனது?" என்று கீழே ஓடினார்.

"மாமா, வேணாம் மாமா!"

மாமா கண்டன்சரைப் போட்டுவிட்டார். மோட்டார் முனகி எழுந்தது. பல்பு பழுத்தது. ஸ்டெபிலைசர் டக் டக் என்று இரண்டு தடவை யோசித்துவிட்டுக் கைவிட்டது. திரை சுருங்கி, வெள்ளைப் பொட்டாகி, அணைந்தது.

குப்புராஜ் தரையில் உட்கார்ந்துவிட்டான். "போச்சு. நேத்துலேர்ந்து போட்டது எல்லாம் போச்சு."

மாதுவும் சிரமப்பட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "தண்ணி வர்ற நேரத்துல தொளை போடுற பிட்டு குழியில மாட்டிக்கிட்டு அழுதவன் தம்பி நான். இந்த வலி எனக்குத் தெரியும்."

குள்ளம்மாள் உட்காரவில்லை, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். கிளம்புகிறவர் செருகும் செருகல். பக்கத்து அறையில் இலையும் சோறும் எடுத்து வைத்திருந்த ராணியம்மாள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். மூன்றாவது வீடும் கை நனைக்காமல் போகப்போகிறது.

"மில்லு ஓடுது, பாத்தாச்சு," என்றார் குள்ளம்மாள். "ஆனா பொண்ணு ஒண்ணு கேட்டா. அந்தப் பொட்டியில படம் வருதாமே, என்னா படம்னு பாத்துட்டு வா அத்தேன்னா. என்னான்னு சொல்லட்டும்? இருட்டுன்னா?"

குப்புராஜ் நிமிர்ந்தான். பெண் கேட்டிருக்கிறாள். "நாளைக்கு வந்தீங்கன்னா முழுசா..."

"அம்பது அடி போட்டு இப்பக் காட்டு."

"அம்பதுன்னா தரமா வராதுங்க. அதுல ஒரு..."

"எழுதுடா மொய்ய!" என்று கத்தினாள் ராணியம்மாள்.

எழுதினான். புள்ளியையும் பொட்டுக்கடலை அளவுக்குப் பெருக்கினான். டேப்பிலிருந்து புரோகிராம் ஏற, மில் மறுபடி நின்றது. செல்லி தீர்த்தகிரியின் வம்சத்தை விசாரிக்க ஆரம்பித்தாள். குள்ளம்மாள் தன் சுருக்குப்பையிலிருந்தே வெற்றிலை எடுத்துப் போட்டுக்கொண்டார். சம்மதம் ஆகாத வீட்டுச் சுண்ணாம்புகூட அவருக்கு வேண்டாம். வெற்றிலை சிவந்து முடிவதற்குள் படம் முடிந்துவிட்டது.

செங்கல் அடுக்கியதுபோல் கரடுமுரடான படம். சுருள் இல்லை, முடிவிலி இல்லை. நடுவில் கருப்பாக ஒரு பெரிய தொந்தி, அதை ஒட்டிச் சின்னத் தலை, தலையில் குச்சியாக ஒரு குடுமி.

குள்ளம்மாள் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"டேய் மாது. மல்லாந்து படுத்தா நீ இப்படித்தான்டா இருக்கற."

எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள், மாதுவைப் பார்த்தார்கள். சண்டை போட மாடியேறி வந்திருந்த செல்லி, "அட, அச்சு அசல்!" என்றாள். முதலில் சிரித்தது மாதுதான். தொந்தி குலுங்கியபோது ஒற்றுமை இன்னும் தெளிவாகத் தெரிந்தது. முடிவிலியைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்த மகனின் தோளை ராணியம்மாள் கிள்ளினாள்.

"உங்கப்பனையே படமா வரைஞ்சு வச்சிருக்காருன்னு சொன்னா பொண்ணு சிரிச்சே ஒத்துக்குவா," என்றார் குள்ளம்மாள். "எலயப் போடுங்க."

சாப்பிட உட்கார்ந்ததும் மாது குப்புராஜின் காதருகே குனிந்தார். "மாப்பிள்ள, அந்த ஆயிரம் அடிய மட்டும் விட்டுடாதீங்க. எங்க வூட்டுக்குத் தனி கரண்டு லைன் இருக்குது. நாம ரெண்டு பேரும் சேர்ந்து போட்டுப் பாக்கலாம்."

"சரிங்க மாமா," என்றான் குப்புராஜ், கண்கள் மின்ன.

கீழே செல்லியின் கேழ்வரகு அரைபடத் தொடங்கியது. பல்பு சிவந்தது. குள்ளம்மாள் இலையிலிருந்து நிமிரவில்லை.

"அம்பது போதும்," என்றார்.