பானைக்கு என்ன முன்வினை

கடவுள் இருக்கிறார் என்று நிரூபிக்க எனக்குப் பன்னிரண்டு வருஷம் ஆனது. மிதிலையில் தர்க்கம் படிக்கிறவனுக்கு வேறு பிழைப்பு கிடையாது. சுவடிக்கட்டில் ஊசியைக் குத்தி, முனை நின்ற ஏட்டை விளக்கச் சொல்வார்கள், அதில் தேறிவிட்டேன். மிச்சம் இருந்தது சபை. ஊரில் யார் வேண்டுமானாலும் எதையும் கேட்கலாம். ‘தெரியாது’ என்று ஒரு தடவை சொன்னால் பட்டம் போச்சு. பட்டம் இல்லாதவனுக்குப் பெண் தரமாட்டேன் என்ற பவதேவ ஜா, முன்வரிசையில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

வந்த கேள்விகளையெல்லாம் ஊதித் தள்ளினேன். பானை இருந்தால் குயவன் இருக்கிறான். உலகம் இருந்தால் அதைச் செய்தவனும் இருக்கிறான். குரு தலையாட்டினார். அவர் மனசெல்லாம் கொல்லையில் கொதிக்கும் மீன் குழம்பில் இருந்தது. எங்கள் பக்கத்துப் பிராமணனுக்கு மீன் இல்லாத விருந்தில் மோட்சமே போட்டாலும் வேண்டாம்.

அப்போது கடைசியில் நின்ற குயத்தி புத்னி முன்னால் வந்தாள். இத்தனை வருஷம் பானை பானை என்று கத்தினேனே தவிர, குயவர் தெருப் பக்கம் நான் எட்டிப் பார்த்ததில்லை.

“சாமி, சூளையில நாப்பது பானை வெச்சா ஒம்பது வெடிச்சிடுது. எது வெடிக்கும்னு எனக்குத் தெரியாது. உங்க குயவருக்குத் தெரியுமா?”

அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை என்றேன்.

“தெரிஞ்சே சூளையில வெப்பாரா? நான் அப்படி வெச்சா என் மாமியா வெளக்குமாத்தால சாத்துவா.”

சபை சிரித்தது. நான் விடவில்லை. அதது அதன் முன்வினைப்படி வெடிக்கிறது என்று போட்டேன் ஒரு போடு.

“பானைக்கு என்ன சாமி முன்வினை?”

பானையைச் சபைக்கு இழுத்து வந்தவனே நான்தான். தொலைந்தேன். நாலு சமஸ்கிருதச் சூத்திரத்தை அவள் தலையில் கொட்டித் தப்பித்திருக்கலாம். எனக்கு முன்னால் பட்டம் வாங்கிய மகானுபாவர்கள் அதைத்தான் செய்தார்கள். குருவும் ஜாடை காட்டினார். ஆனால் அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாழாய்ப்போன நாக்கு, “தெரியலை தாயே” என்றது.

பவதேவ ஜா வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தார். குரு என்னைக் கழுதை என்றார். பந்தியில் மட்டும் ஒரு ஆள் குறையவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஜெயித்தவள் நீதானே, போய்க் கொட்டிக்கொள் என்று புத்னியிடம் எரிந்து விழுந்தேன்.

அவள் நகரவில்லை. அவள் முகம் என் முகத்தைவிட மோசமாக இருந்தது.

“உங்களை மடக்கவா சாமி கேட்டேன்? பன்னெண்டு வருசம் படிச்சவருக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சு வந்தேன்.”