இடுப்புப் பட்டையில் கட்டைவிரல்

விசில் ஊதிய பிறகு ஒருவன் எப்படி நடக்கிறான் என்று பார்ப்பது என் வழக்கம். கல்லூரிப் பையன்களின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தைப் பார்த்து, இவன் தொழில்முறை அணிக்குத் தேறுவானா மாட்டானா என்று எழுதிக்கொடுக்கிற வேலையில் இருபத்தாறு வருடம் ஓட்டியாயிற்று. பந்தை வீசப்போகிற குவார்ட்டர்பேக்கை நோக்கி ஒருவன் எவ்வளவு வேகமாகப் பாய்கிறான், குறுக்கே நிற்கிற நூற்றைம்பது கிலோ மலையை எப்படித் தள்ளிவிட்டுப் போகிறான் என்பதையெல்லாம் எந்தக் கத்துக்குட்டியும் எழுதிவிடுவான். பாய்ந்து முடித்துத் திரும்பி நடக்கிறானே, அந்தப் பத்தடியில்தான் ஆள் யாரென்று தெரியும். இப்படித்தான் நான் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.

அந்த நவம்பர் மத்தியானம், மிசிசிப்பியில் ஒரு சின்னக் கல்லூரியின் வீடியோ அறையில் உட்கார்ந்து ஜவாரிஸ் டூலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மடியில் பெட்ரோல் பங்க்கில் வாங்கிய வேகவைத்த கடலை. பையன் அபாரம். முதல் எட்டு அவ்வளவு நீளம். தோளைத் தாழ்த்திக்கொண்டு வளைந்து போனால் எதிராளிக்குப் பிடிக்க எதுவும் கிடைக்காது. மூன்றாவது ஆட்டத்தின் பின்பாதியில் தலையும் தலையும் முட்டிய ஒரு மோதல். விசில். டூலி எழுந்தான். இடது கட்டைவிரலை இடுப்புப் பட்டையில் செருகிக்கொண்டு, சொந்த வீட்டுக் கொல்லையில் உலாவுகிறவன் போல நடந்து வந்தான். நான் படத்தை நிறுத்தினேன். பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தேன். கடலைப் பொட்டலத்தை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தேன்.

அந்த நடையை முன்பே பார்த்திருக்கிறேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் குவின்சி லாட்டிமர் என்று ஒருவன். அவனும் இதே இடத்தில் ஆடுபவன், இதே மாதிரிக் கட்டைவிரல். ‘எவ்வளவு பெரிய அடி வாங்கினாலும் கையை இடுப்பில் மாட்டிக்கொண்டு ராஜாவைப் போல நடக்கிறான், பயம் என்றால் என்னவென்றே தெரியாது’ என்று அறிக்கையில் எழுதினேன். எங்கள் அணியின் பெரிய தலை அந்த வரியைக் கூட்டத்தில் சத்தமாக வாசித்தார். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். அவனை எடுத்தோம். இரண்டாவது கோடைப் பயிற்சியில், சாதாரண மோதல்தான், புல்லில் விழுந்தவன் எழவில்லை. கழுத்து. அதற்குக் கீழே எதுவும் அசையவில்லை. பிற்பாடு டாக்டர் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. ஒவ்வொரு முட்டலுக்கும் அவனுக்கு இடது கை மரத்துப்போயிருக்கிறது. தொங்குகிற கை யார் கண்ணிலும் படக்கூடாது என்றுதான் விரலைப் பட்டையில் மாட்டிவைத்திருக்கிறான். நான் அதைத் திமிர் என்று நினைத்து அதற்கும் மார்க் போட்டிருந்தேன்.

அவன் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. ஒவ்வொரு நவம்பரிலும் கூப்பிடுகிறான். அக்காக்காரி போனைக் காதில் பிடித்துக்கொள்வாள். "சார், இந்த வருஷம் எந்தப் பயலப் பாக்கப் போறீங்க?" என்று ஆரம்பித்து, எப்போதும் ஒரே இடத்தில் வந்து முடிப்பான்: "என்னய நம்புன ஒரே ஆளு நீங்கதான் சார்." செத்தவன்தான் ஆவியாக வரவேண்டும் என்று எவன் சொன்னான்? எந்த ஊர் வீடியோவைப் போட்டாலும், எந்த எண் போட்ட சட்டையிலும், கொஞ்ச நேரத்தில் எனக்கு அவன்தான் எழுந்து நடந்து வருகிறான்.

டூலியின் கோச் மெக்கால் தலையை நீட்டினார். அவரும் நானும் ஒரு காலத்தில் சேர்ந்து ஆடியவர்கள்.

"என்னய்யா ஹாலிஸ், பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துருச்சா? பய எப்புடி?"

"அவன் இடது கையில என்ன பிரச்சன?"

மெக்கால் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். "கோணலாப் படுத்துத் தூங்குவான். அதான்."

"மெக்கால்."

"இங்க பாரு. கழுத்துன்னு நீ ஒரு வார்த்த எழுதுனா உங்க அணி மட்டுமில்ல, எல்லாப் பயலும் கதவச் சாத்திருவான். நாலு வருஷமா இதுக்காகவே உசுரக் குடுத்து ஓடிட்டிருக்கான். நீ என்ன டாக்டரா?"

"இல்ல."

"அப்ப பாத்தத மட்டும் எழுது."

பார்த்ததைத்தானே அன்றைக்கும் எழுதினேன். எழுதினால் இவன் கதை இந்த ஊரோடு முடிந்தது. எழுதாவிட்டால் இன்னொரு அக்கா போனைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இரண்டுமே என் பேனாவில் இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது.

மூன்று மணிக்குப் பயிற்சி. இரண்டு வரிசை எதிரெதிரே நின்று மோதிக்கொண்டார்கள். டூலி நாலு முறை பாய்ந்தான். நாலாவது முறை சத்தம் மைதான வேலி வரைக்கும் கேட்டது. எழுந்தான், கட்டைவிரலைச் செருகினான், தண்ணீர் வைத்திருந்த பக்கமாக நடந்தான். நான் குறுக்கே போய் நின்றேன். கிட்டத்தில் பார்த்தால் இன்னும் பால்மணம் மாறாத முகம்.

"எத்தன நாளா இப்புடி?"

"எது சார்?" சிரித்தான்.

"கை."

"கைக்கு என்ன சார், கல்லு மாதிரி இருக்கு. கோச்சக் கேளுங்க."

என் இடது கையை நீட்டினேன். "அழுத்து பாப்போம்."

அவன் அழுத்திவிட்டால் எழுதமாட்டேன். வலிக்கிற மாதிரி ஒரே ஒரு அழுத்து, போதும். அப்படி எனக்குள்ளேயே ஒரு பேரம் பேசிக்கொண்டேன். அவன் அழுத்திவிட வேண்டும் என்று, சர்ச்சுக்குப் போவதை என்றைக்கோ விட்டுவிட்ட நான், மனதார வேண்டிக்கொண்டேன்.

டூலி மெக்கால் நின்ற திசையை ஒருமுறை பார்த்தான். பிறகு வலது கையால் இடது கையைப் பட்டையிலிருந்து எடுத்து, என் உள்ளங்கையில் கொண்டுவந்து வைத்தான். பெரிய, சூடான கை. பல்லைக் கடித்தான். கழுத்து நரம்பு புடைத்தது, தோள் நடுங்கியது, நெற்றியில் வேர்வை பொடித்தது. கண் மட்டும் என் முகத்தை விட்டு நகரவில்லை.

"வலிக்குதா சார்?" என்றான்.

என் கையில் தூங்குகிற குழந்தையின் கை கிடந்தது. அவன் மூச்சை இழுத்துப் பிடித்து, காலை அகட்டி ஊன்றிக்கொண்டு, இன்னும் பலமாக முக்கினான்.

"இப்ப?"