குருவிகுளத்தைப் பிடித்தவள்

"தங்கச்சிக்கு ராசியான கைவே!" என்றான் மகாராஜன், தன் கடைசிப் பொத்தானைப் பலகையிலிருந்து பொறுக்கிக்கொண்டே.

மாரிசெல்விக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. இந்தப் பேச்சை அவள் கேட்பது இது ஏழாவது தடவை. இந்தப் பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமையில் அவள் ஜெயித்ததும் ஏழு தடவைதான். மகாராஜன் ஜெயித்த மூன்று வாரமும் "என்னா மூளைவே ஒமக்கு!" என்று முதுகில் தட்டி டீ வாங்கிக் கொடுத்தார்கள். அவனுக்கென்றால் மூளை, அவளுக்கென்றால் ராசி. இது எந்த ஊர் நியாயம்?

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜெயசிங்கின் பிளக்ஸ் கடை. ஞாயிறு மத்தியானம் மெஷினுக்கு லீவு. நாடு பிடிக்கும் பலகை விளையாட்டு ஒன்றைச் சென்னையில் பார்த்துவிட்டு வந்த ஜெயசிங், உலகப் படத்துக்குப் பதிலாக நம்ம வட்டாரத்தையே பிளக்ஸில் அடித்துவிட்டார். நடுவில் சங்கரன்கோவில், சுற்றிலும் புளியங்குடி, கரிவலம்வந்தநல்லூர், திருவேங்கடம் என்று பதினெட்டு ஊர். படைக்குச் சட்டைப் பொத்தான், ஆளுக்கொரு நிறம். கையிலிருக்கும் ஊருக்கு ஒன்று வீதம் சுற்றுக்குச் சுற்று பொத்தான் கிடைக்கும். சண்டை என்றால் இரண்டு பேரும் பகடை உருட்ட வேண்டும். சின்ன எண் விழுந்தவருக்கு ஒரு பொத்தான் போகும்; பொத்தான் தீர்ந்தால் ஊரும் போகும். ஜெயசிங் தாயத்திலேயே ஊறியவர். அதனால் ஒன்று விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்று தன் பங்குக்கு ஒரு விதியைச் செருகிவிட்டார். ஒன்று விழுந்தவன் தோற்க வேண்டியவன்; அவனுக்குப் போய் ஒரு பரிசு!

ஆடுவது நாலு பேர். ஜெயசிங், விசைத்தறிச் சேலை வியாபாரம் பார்க்கும் மகாராஜன், ஹார்டுவேர் கடை சுயம்புலிங்கம் அண்ணாச்சி, அப்புறம் செல்வி. அவள் குருவிகுளம் யூனியன் ஆபீசில் இளநிலை உதவியாளர். ஜெயசிங்கின் மனைவி ஜாய்ஸ் அவளோடு ஒன்றாகப் படித்தவள். ஜாய்ஸ் ஆடமாட்டாள். கூட உட்கார்ந்து, மேஜைக்கடியில் உருண்டோடும் பகடையை எடுத்துக் கொடுப்பாள்.

ஆண்கள் மூன்று பேருக்கும் ஒரே வெறி, சங்கரன்கோவிலைப் பிடிக்க வேண்டும். பலகையில் அந்த ஊருக்கு ஆறு பாதை. எந்தப் பக்கமிருந்தும் அடி விழும். அதைப் பற்றிக் கவலையே கிடையாது. கிழக்கு மூலையில் குருவிகுளம், இளையரசனேந்தல், திருவேங்கடம் மூன்றும் கேட்பாரற்றுக் கிடக்கும். "அங்கன என்ன இருக்கு? கருவேல மரந்தான்" என்பான் மகாராஜன். பிளக்ஸில் அடித்த குருவிகுளத்திலும் மழை பெய்யாது என்று நினைத்தான் போலிருக்கிறது! பலகையில் எல்லா ஊருக்கும் ஒரே பொத்தான்தான். அந்த மூலைக்குள் நுழைய இரண்டே பாதை. தினமும் குருவிகுளம் பஸ்ஸில் போய் வருகிறவளுக்கு அது முதல் நாளே தெரிந்துவிட்டது. இரண்டு வாசலையும் அடைத்துவிட்டுப் பொத்தான் சேர்ப்பாள். மூன்று பேரும் டவுனுக்குள் அடித்துக்கொண்டு ஓய்ந்த பிறகு, நிதானமாக வெளியே வருவாள். இதற்குப் பெயர் ராசியாம்.

அன்றைக்கு ஆட்டம் முடிந்ததும் ஜெயசிங் ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். மதுரையில் ஒரு கல்லூரியில் நாடு பிடிக்கும் ஆட்டத்துக்குப் போட்டி. ஒரு குழுவுக்கு ஒருவர்தான் போகலாம். செல்வி ஒரு மாதமாக இதற்காகத்தான் காத்திருந்தாள். அவள் வேலைக்குப் பரீட்சை எழுதிப் பாஸானபோதுகூட வீட்டில் "ஜாதகத்துல கெடந்துது" என்றார்கள். அடுப்படியில் உட்கார்ந்து இரண்டு வருஷம் படித்தது ஜாதகமா? ஒரே ஒரு தடவை, அவள் தலைக்குள் இருப்பதை மதித்து யாராவது அவளை ஓர் இடத்துக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

பையிலிருந்து நோட்டை எடுத்தாள். "பன்னெண்டு வாரமா யாருக்கு என்ன விழுந்துச்சுன்னு எழுதி வச்சிருக்கேன். பாருங்க அண்ணாச்சி. நாலு பேருல எனக்குத்தான் கொறச்சலா விழுந்துருக்கு. மகாராஜண்ணனுக்குத்தான் கூட. ராசி யாருக்கு?"

"வெளையாட வந்த எடத்துல நோட்டு போடுதாளே!" என்று சிரித்தான் மகாராஜன். நோட்டை அவன் திறக்கவே இல்லை.

சுயம்புலிங்கம் அண்ணாச்சி சமாதானத்துக்கு வந்தார். "எதுக்கு மக்கா சண்ட? நம்ம வழக்கப்படி திருவுளச்சீட்டு போட்டுப் பாத்துருவோம். அம்மன் விட்ட வழி."

"கர்த்தர் சித்தம்" என்று ஜெயசிங்கும் ஒத்துக்கொண்டார்.

பன்னிரண்டு வாரம் மண்டையை உடைத்து ஆடியது எதற்கு? செல்வி வாயைத் திறப்பதற்குள் நாலு சீட்டு எழுதி, சுருட்டி, டீ டம்ளரில் போட்டுக் குலுக்கிவிட்டார்கள். ஜாய்ஸ் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். பிரித்தால் மாரிசெல்வி.

"நான் சொல்லல? ராசிக்காரி!" என்று மகாராஜன் கை தட்டினான். ஜெயசிங்கும் சந்தோஷமாகப் படிவத்தில் அவள் பெயரை எழுதினார். 'தேர்வு செய்த முறை' என்று கேட்டிருந்த இடத்தில் 'குலுக்கல்' என்று எழுதினார்.

அந்த ஒரு வார்த்தையைப் பார்த்ததும் செல்விக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. வேண்டியது கைக்கு வந்துவிட்டது, வரக்கூடாத வழியில். சீட்டை வாங்கி நாலாகக் கிழித்தாள்.

"ஏட்டி, என்ன பண்ணுத?" என்று பதறினாள் ஜாய்ஸ்.

"பகடைய நீ வச்சுக்கோ. இறுக்கிப் பிடி. இனி ஒருத்தரும் உருட்ட வேண்டாம். மகாராஜண்ணே, ஒக்காருங்க. நீங்களும் நானும் மட்டும். யாருகிட்ட பொத்தான் கூட இருக்கோ அவுங்களுக்கு ஊரு. எதிராளி பொத்தான் எத்தனையோ, அத்தனைய ஜெயிச்சவுங்களும் எடுத்து வெளிய வச்சிரணும். நீங்க ஜெயிச்சா நீங்களே மதுரைக்குப் போங்க."

"சும்மா கெடச்சத விடுதியே, தங்கச்சி."

"சும்மா கெடச்சதுதான் எனக்கு வேண்டாம். மொதல்ல நீங்களே ஊரப் பிடிங்க."

அவன் முதல் கையிலேயே சங்கரன்கோவிலைப் பிடித்தான். அவள் குருவிகுளத்தில் பொத்தானை வைத்தாள். அவன் சிரித்துக்கொண்டே புளியங்குடி, கரிவலம் என்று அகலக் கால் வைத்தான். ஆறு பாதைக்கும் படையைப் பிரித்துப் பிரித்து, கடைசியில் எந்த ஊரிலும் கை நிறையப் பொத்தான் தேறவில்லை. இரண்டு தடவை பழக்க தோஷத்தில் பகடைக்குக் கையை நீட்டிவிட்டு, வெறும் கையை மடக்கிக்கொண்டான். நாற்பதாவது நிமிஷம் திருவேங்கடம் பாதையில் செல்வியின் பச்சைப் பொத்தான்கள் பதினாலு வெளியே வந்தன. சங்கரன்கோவிலில் அவனுக்கு ஐந்துதான் இருந்தது. அதற்கப்புறம் அவனால் ஓர் ஊரைக்கூடத் தக்கவைக்க முடியவில்லை.

பலகையையே பார்த்துக்கொண்டிருந்த மகாராஜன் பெருமூச்சு விட்டான். "என்ன செய்ய? இன்னைக்கு எனக்கு நேரம் சரியில்ல."

ஜாய்ஸ் மூடியிருந்த கையை அவன் முகத்துக்கு நேராக விரித்தாள். இரண்டு பகடையும் வேர்வையில் நனைந்து உள்ளங்கையில் ஒட்டிக் கிடந்தன. சுயம்புலிங்கம் அண்ணாச்சிதான் முதலில் சிரித்தார், அப்புறம் ஜெயசிங். மகாராஜன் மட்டும் இன்னும் பலகையில் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

செல்விக்குச் சிரிப்பு வரவில்லை. இவனுக்கு இந்த ஜென்மத்தில் புரியப்போவதில்லை என்று தெரிந்துவிட்டது. ஜெயசிங் படிவத்தில் 'குலுக்கல்' என்பதை அடித்துவிட்டு, "மொறைன்னு என்ன போட, செல்வி?" என்று தயங்கினார்.

அவரிடமிருந்து பேனாவை வாங்கி அவளே எழுதினாள்: 'ஆடி ஜெயித்தது.' அழுத்தி எழுதியதில் தாளின் பின்பக்கமும் எழுத்து புடைத்துக்கொண்டு தெரிந்தது.